மேசைக்கு மேல் இரண்டரை அடி

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பெட்டி வந்து இறங்கியது. நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை. மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய பரிசு என்றால் மற்றவர்கள் அதைச் சுற்றியிருக்கும் தாளையும் நாடாவையும் பார்ப்பார்கள். அத்தாஉல்லா பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்தார். முப்பத்தெட்டு கிலோ.

"மாமா, கவனம். முழுக்கக் கண்ணாடி," என்றான் ஸஜீத். மாப்பிள்ளை இஹ்ஸானுக்கு மூத்த நானா. கட்டாரிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்தான். பெட்டியை அங்கிருந்தே கப்பலில் போட்டு அனுப்பியிருக்கிறான். "ஒங்கட சாப்பாட்டறைக்கு ஷாண்ட்லியர். ஞாயிறு பகல் எங்கட ஆக்கள் அதுக்குக் கீழதான் சாப்பிடணும். உம்மாட ஆச."

பெட்டியைத் திறந்தார்கள். பித்தளையில் எட்டுக் கைகள், ஒவ்வொரு கையிலும் குலைகுலையாகக் கண்ணாடி மணிகள். விரித்து வைத்தபோது மூன்றரை அடி அகலம் இருந்தது. அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையின் அகலமோ மூன்று அடி.

அத்தாஉல்லாவின் வாய் திறந்தது. சமையலறை வாசலில் நின்ற மனைவி சுல்பா முந்தானையைச் சரிசெய்கிறவள்போல நின்று ஒரு பார்வை பார்த்தாள். வாய் மூடியது.

"வடிவு," என்றார் அவர். "நல்ல வடிவு."

அன்று அவர் சொன்னது அவ்வளவுதான். சொல்லாமல் விட்டது நிறைய இருந்தது.

ஆலங்குடாவில் கடலிலிருந்து முந்நூறு மீற்றரில் இருக்கும் வீட்டில் பித்தளை ஆறு மாதத்தில் பச்சை பிடிக்கும். கச்சான் காற்று எழும்பினால் ஜன்னலைச் சாத்தினாலும் அந்த மணிகள் நிம்மதியாகத் தொங்காது. சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் விளக்கு மேசையின் அகலத்தில் பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழும்புகிறவன் தலையில் இடிக்கும். இவையெல்லாம் தெரிந்துதான் மூன்று வாரம் அலைந்து, புத்தளம் டவுனில் இரண்டு கடை, சிலாபத்தில் ஒரு கடை பார்த்து, மூன்று வெள்ளைக் கிண்ணங்கள் வைத்த துருப்பிடிக்காத விளக்கொன்றை அந்த அறைக்கென்று தெரிவுசெய்து மாட்டியிருந்தார். அது இப்போது அவர் தலைக்கு மேல் அடக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற வேண்டும்.

அத்தாஉல்லாவுக்கு நாற்பத்தொன்பது வயது. தொண்ணூறாம் ஆண்டு மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது பதினைந்து. அகதிகளின் கிடுகுக் கொட்டில்களுக்கு இடையே முதன்முதலாக ஒரு பல்பு எரிந்தது அவர் இழுத்த வயரில்தான். அன்றிலிருந்து கரண்ட் வேலை. இப்போது கண்டக்குழியிலிருந்து ஆலங்குடா வரை, காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரருக்காக எழும்பிய விடுதிகளில் பாதிக்கு அவர்தான் ஆள். ஊரில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. தொங்கல் நானா.

பெயர் சும்மா வரவில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கண்டக்குழி விடுதியொன்றில் அவர் மாட்டிய மின்விசிறி சாப்பாட்டு மேசையில் விழுந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் எழும்பிப் போய்ப் பத்து நிமிடம்தான். மிச்சம் கிடந்த பாண் துண்டுக்கு மேல் விசிறியின் இறக்கை கிடந்தது. உப்புக் காற்றில் கொளுக்கி அரித்துவிட்டது, உங்கள் பிழை இல்லை என்று முதலாளி சொன்னார். அத்தாஉல்லா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அன்று முதல், எந்தக் கொளுக்கியிலும் எதையாவது மாட்டுவதற்கு முன் தானே அதைப் பிடித்துத் தொங்குவார். நபியின் பேரில் பதினொரு ஸலவாத் ஓதி முடியும் வரை. அறுபத்து நான்கு கிலோ மனிதனைத் தாங்கினால் விளக்கையும் தாங்கும். விடுதிக்காரர்கள் சிரிப்பார்கள். வெள்ளைக்காரர்கள் படம் எடுப்பார்கள்.

கையில் இவ்வளவு கவனம் உள்ள மனிதனுக்கு வாயில் அது கிடையாது. மகள் ஃபர்ஸானாவுக்கு இரண்டு வருடங்களுக்கு முன் வந்த சம்பந்தம் அந்த வாயால்தான் போனது. பேச்செல்லாம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தார்கள். தேத்தண்ணி வந்தது. அத்தாஉல்லா கருகல் வாடையை முகர்ந்தார், எழும்பினார், யாரையும் கேட்காமல் மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். "இந்த வயரிங்கோட இந்த வீடு ஒரு நாளைக்கு எரியும்" என்று நடு மண்டபத்தில் அறிவித்தார். அவர் சொன்னது உண்மை. ஆனால் கல்யாணம் பேச வந்த வீட்டில் 'எரியும்' என்று யாராவது சொல்வார்களா? ஒரு கிழமையில் ஆள் அனுப்பி வேண்டாம் என்றுவிட்டார்கள். ஃபர்ஸானா வாப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவருக்குச் சுட்டது.

இந்தச் சம்பந்தம் கனமூலையில் இருந்து வந்தது. மாப்பிள்ளையின் உம்மா முஃப்லிஹா கணவர் மௌத்தாகிப் பத்து வருடமாக வெங்காயத் தோட்டத்தையும் இரண்டு ஆண் பிள்ளைகளையும் தனியாக நடத்தியவள். அதிகம் கதைக்க மாட்டாள். கதைத்தால் அதுதான் முடிவு. நாலு மாதத்துக்கு முன் அந்த வீட்டுக்குப் போகும் வழியில் சுல்பா கணவனிடம் சத்தியம் வாங்கினாள்.

"இந்த முறை வாயத் திறக்கப்படாது. ஒங்கட மகள்ட தலையில கைய வெச்சிச் சொல்லுங்க."

"சரி."

"என்னத்தக் கண்டாலும்."

"சரிண்டு சொல்லிட்டனே."

கண்டார். பிரிட்ஜுக்குப் பின்னால் பிளக் பொயின்ட் மண்ணிறமாகக் கருகியிருந்தது. இலேசாக வாடையும் வந்தது. வட்டிலப்பத்தோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டு வந்தார். நாலு மாதமாக அது செரிக்கவில்லை. இரவில் பாதித் தூக்கத்தில் எழும்பி, கனமூலைப் பக்கம் ஏதாவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். அவ்வளவு தூரத்தில் என்ன தெரியும்?

இப்போது இந்த முப்பத்தெட்டு கிலோ. வேண்டாம் என்றால் பரிசை உதறியதாகும். மாட்டினால், கல்யாணத்துக்குப் பிறகும் இங்கேயே இருக்கப்போகிற மகள் அதற்குக் கீழே வாழ்நாள் முழுக்கச் சோறு பரிமாறுவாள். கதைக்க முடியாத மனிதன் செய்யக்கூடியது வேலை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சீலிங்குக்கு மேல் ஏறினார். கூரைச் சீற்றுக்குக் கீழே வெக்கை அடுப்பு மாதிரி இருந்தது. உத்தரமாகக் கிடந்த பனந்தீராந்திகள் இரண்டையும் முனையிலிருந்து முனை வரை சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். ஒன்று திடமாகப் பேசியது. மற்றதின் மேற்கு முனையில் சத்தம் பொத்தென்றிருந்தது. கறையான். அந்த முனைக்கு இருபக்கமும் இரும்புப் பட்டி வைத்துப் போல்ட் முறுக்கினார். பிறகு இரண்டு தீராந்திக்கும் குறுக்கே இரும்புச் சட்டமொன்றைக் கிடத்தி, அதன் நடுவிலிருந்து விரல் தடிப்பில் ஒரு கொளுக்கியைச் சீலிங்கின் வழியே கீழே இறக்கினார். இறங்கி வந்தபோது பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

"முடிஞ்சிதா?" என்றாள் சுல்பா.

"நாளைக்குத் தொங்கிப் பாக்கணும்."

"நாளைக்கு அவங்க வருவாங்க, சாமான் கொண்டு. அவங்களுக்கு முன்னால தொங்கிப் போடாதீங்க."

"காலயிலேயே தொங்கிடுறன்."

சனிக்கிழமை காலை கரண்ட் வேலைக்காரனின் வீட்டில் வழக்கமாக நடப்பதுதான் நடந்தது. விடுதியொன்றிலிருந்து தொலைபேசி, தண்ணீர் மோட்டார் பிடித்துக்கொண்டது, ஓடிப் போனார். திரும்பி வந்து, சாரத்தை மடித்துக் கட்டி, ஏணியில் ஏறிக் கொளுக்கியைப் பிடித்துக் கால்களை விட்டபோது நேரம் பதினொன்று. மூன்றாவது ஸலவாத்தில் வாசலில் வான் நின்றது. ஐந்தாவதில் முஃப்லிஹா உள்ளே வந்துவிட்டாள், பின்னால் தட்டுகளும் பெட்டிகளுமாக ஆறு பெண்கள். சம்மந்தி சாப்பாட்டறையின் நடுவே சீலிங்கில் வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தார்.

"அல்லாஹ்வே!" என்றாள் ஒருத்தி.

"மாமா, என்ன இது, எக்சசைஸா?" என்று ஸஜீத் பெரிதாகச் சிரித்தான்.

அத்தாஉல்லாவால் பதில் சொல்ல ஏலாது. ஓதிக்கொண்டிருக்கிறார். எண்ணிக்கை பிசகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கை நரம்புகள் புடைத்தன. சுல்பா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். தரை பிளந்தால் போய்விடலாம் என்ற மாதிரி.

அறைக் கதவிடையில் இருந்து ஃபர்ஸானாவின் குரல்தான் வந்தது. "வாப்பா தொங்கினாத்தான் லைட் தொங்கும், மாமி. இல்லாட்டி அவர் மாட்ட மாட்டார்."

பதினொன்று முடிந்தது. அத்தாஉல்லா ஏணியில் கால் வைத்து இறங்கிச் சாரத்தை அவிழ்த்து விட்டார். முஃப்லிஹா அவரைப் பார்த்தாள், பிறகு கொளுக்கியைப் பார்த்தாள், திரும்பவும் அவரைப் பார்த்தாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சாமான்களை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"முடிஞ்சி," என்றாள் சுல்பா வான் திரும்பியதும். "ஒரு சொல்லும் சொல்லாமப் போறா. போன முறையும் இப்பிடித்தான். பொறவுதான் ஆள் வந்தது."

"நான் வாயே திறக்கல்லயே!"

"நீங்க திறக்காட்டியும் விஷயம் நடக்குதே!"

பின்னேரம் ஸஜீத் மட்டும் திரும்பி வந்தான். கூட்டாளிகள் இருவரோடு விளக்கைத் தூக்கிக் கொடுத்தான். அத்தாஉல்லா மேசையைச் சரியாகக் கொளுக்கிக்குக் கீழே இழுத்து வைத்தார். மேசையிலிருந்து விளக்கின் அடிமணி வரை நாடாவைப் பிடித்து அளந்தார். இரண்டரை அடி. விரல் அகலமும் பிசகில்லை. மேசைக்கு மேல் தொங்கும் விளக்குக்கு உலகம் முழுக்க அதுதான் அளவு. ஒன்றரை அடிச் சங்கிலியில் அது அசையாமல் நின்றது. சுவிட்சைப் போட்டபோது சுல்பாவே ஒரு கணம் பயத்தை மறந்தாள். மேசைக் கண்ணாடியில் எட்டுக் கைகளும் இன்னொரு தடவை எரிந்தன. ஃபர்ஸானா படம் பிடித்து யாருக்கோ அனுப்பினாள். யாருக்கென்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிறு பகல் பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்தது. ஆள் வரவில்லை, சம்பந்தம் முறியவில்லை, கையெழுத்து விழுந்துவிட்டது. ஆனாலும் சுல்பா மூச்சு விடவில்லை. மாப்பிள்ளை இனி இந்த வீட்டில்தான் இருக்கப்போகிறவர். இன்று மனம் கோணினால் பேசாமல் கனமூலைக்கே திரும்பிவிடலாம். அப்படி நடந்த வீடுகள் ஊரில் இருக்கின்றன.

அத்தாஉல்லா முன்னால் மோட்டார் சைக்கிளில் வந்து கேற்றடியில் நின்றார். மாப்பிள்ளை ஊர்வலம் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. முதல் பந்திக்கு முப்பத்தாறு பேர். உள்ளே சமையல்காரர்கள் சஹன்களைக் கொண்டு போய் வைத்துக்கொண்டிருந்தார்கள். சோறும் இறைச்சியும் குவித்த பெரிய தட்டுகள். ஒன்றைச் சுற்றி ஆறு பேர் தரையில் சம்மணமிட்டு இருந்து சாப்பிடுவார்கள். திறந்திருந்த ஜன்னல் வழியே அவர் பார்த்தார். ஒருவன் சஹனைத் தூக்கிக்கொண்டு வந்தான். அறை நடுவில் குனிந்தான். குனிந்தபடியே நாலு எட்டு வைத்து, பிறகு நிமிர்ந்தான்.

ஏன் குனிகிறான்?

அடுத்தவனும் குனிந்தான்.

மேசை இல்லை. விரிந்திருந்தவை பாய்கள். சஹன் வைக்க வேண்டுமென்றால் மேசையை வெளியே எடுப்பார்கள். எந்தக் கல்யாணத்திலும் எடுப்பார்கள். அவர் வீட்டுப் பின்முற்றத்தில் அது காலை முதல் கிடந்தது. அவரேதான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியவர். மேசை இரண்டரை அடி, அதற்கு மேல் இரண்டரை அடி. பித்தளைக் கைகளும் கண்ணாடி மணிகளும் இப்போது தரையிலிருந்து ஐந்தடியில், சரியாக மனிதனின் நெற்றிக்கு நேரே நடு அறையில் நின்றன. உலகம் முழுக்க உள்ள அளவை எடுத்தவர், தன் வீட்டில் பெரிய சாப்பாடு ஒருநாளும் மேசையில் நடந்ததில்லை என்பதை மறந்துவிட்டார்.

மாப்பிள்ளை இஹ்ஸான் ஆறடி. தலைப்பாகை வேறு.

கேற்றடிக்கு வந்துவிட்டார்கள். முன்னால் இரண்டு மூத்தவர்கள், நடுவில் இஹ்ஸான், பக்கத்தில் ஸஜீத். பெண்கள் பக்கவாசலால் போய்க்கொண்டிருந்தார்கள். ஸலாம் சொல்லிக் கட்டியணைத்து உள்ளே அனுப்ப வேண்டியதுதான் அவர் வேலை. பேசாமல் அனுப்பலாம். முதலில் போகிறவன் குனிவான், அவனைப் பார்த்து மற்றவனும் குனிவான். சாப்பிட்டு முடித்து, எச்சில் கையோடு, சிரித்துக் கதைத்துக்கொண்டு எழும்பும்போது? முப்பத்தாறு பேரும் ஒரேயடியாக எழும்பும்போது?

அவர் மூத்தவர்களுக்கு முன்னால் ஓடிப் போய், வீட்டு வாசலில் இரண்டு நிலைகளையும் கைகளால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒருத்தரும் உள்ளுக்கு வரப்படாது!"

கூட்டம் நின்றது. மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் மறிப்பதா? ஒரு மூத்தவரின் முகம் அங்கேயே மாறியது. உள்ளே திரைக்குப் பின்னால் சுல்பாவின் கையிலிருந்து ஏதோ நழுவி உருண்டது.

"என்ன மாமா, என்ன பிரச்சினை?" என்றான் ஸஜீத். இந்த முறை சிரிக்கவில்லை.

அத்தாஉல்லாவுக்கு ஒரு வசனம் தயாராக இருந்தது. இந்த வீட்டுக்கு இந்த விளக்கு பெரிது. அது உண்மையும்கூட. அவர் அதைச் சொல்லவில்லை.

"பிழ விட்டுட்டன்," என்றார். "லைட்ட மேசைக்கு அளந்து போட்டுட்டன். சஹனுக்கு அளக்கல்ல. இப்ப நீங்க உள்ளுக்குப் போனா மண்ட ஒடையும். என்ட பிழதான், வேற ஒருத்தர்ட பிழயும் இல்ல. பத்து நிமிஷம் தாங்க. ஏத்தி விடுறன்."

அத்தாஉல்லா அந்த முகங்களில் ஒன்றையும் படிக்க முடியாமல் நின்றார். பக்கவாசல் திரை விலகியது. முஃப்லிஹா வெளியே வந்தாள்.

"எவ்வளவு பாரம் அது?" என்று கேட்டாள்.

"முப்பத்தெட்டு கிலோ, ராத்தா. ரெண்டு பேர் கீழ இருந்து தாங்கணும்."

"ரெண்டு பேர் இரிக்கிறாங்களே." அவள் தன் மகன்களைப் பார்த்தாள். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? தலப்பாவக் கழட்டு."

மெயின் சுவிட்சை அணைத்தார்கள். மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து நின்றன. சஹன்களைச் சுவரோரம் தள்ளி ஏணியை வைத்தார்கள். இஹ்ஸான் கோட்டைக் கழற்றி ஒரு மூத்தவரின் கையில் கொடுத்துவிட்டு, விளக்கின் அடியில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினான். குள்ளமான ஸஜீத் கதிரையில் ஏறினான்.

"தூக்குங்க. கைகளப் பிடிக்காதீங்க, நடுத்தண்டப் பிடிங்க. இன்னும். இன்னும் ஒரு சாண்."

விளக்கு எழும்பியது. சங்கிலி தளர்ந்தது. அத்தாஉல்லா அதைக் கொளுக்கியிலிருந்து விடுவித்தார். இப்போது முப்பத்தெட்டு கிலோவும் இரண்டு பேரின் கைகளில் மட்டும். வயரைச் சீலிங்குக்குள் சுருட்டித் தள்ளினார். விளக்கின் இரும்புத் தலைவளையத்தை நேரே கொளுக்கியில் கோக்கப் பார்த்தார். மாட்டவில்லை. அரை அங்குலம் தவறியது.

"மாமா, கெதியா," என்றான் இஹ்ஸான். அவனுடைய முழங்கை நடுங்கியது. மணிகள் கிலுகிலுவென்றன. நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கையில்லை.

"நுனிவிரலில நில்லுங்க மகன். ஒருக்கா. பிஸ்மில்லா."

இஹ்ஸான் நுனிக்காலில் எழும்பினான். வளையம் விழுந்தது. இரும்பில் இரும்பு விழும் அந்தச் சத்தத்தை அத்தாஉல்லா ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். அப்படி இனித்தது அன்றுதான்.

"விடுங்க. முதல்ல ஸஜீத். இப்ப நீங்க. மெல்ல."

விட்டார்கள். நின்றது. அடிமணி தரையிலிருந்து ஆறரை அடி. இஹ்ஸான் நிமிர்ந்து அதற்குக் கீழே ஒரு தடவை அங்குமிங்கும் நடந்து பார்த்தான். தலைமுடிக்கும் மணிக்கும் இடையில் ஆறு அங்குலம்.

"தொங்கிப் பாக்கல்லயா மாமா?" என்றான் ஸஜீத்.

"லைட் தொங்குற இடத்தில நான் எங்க தொங்குறது? கீழ இருந்து பாக்குறன்."

முதல் சஹனை நேரே விளக்குக்குக் கீழே வைக்கச் சொல்லி, அதில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவரே இருந்துவிட்டார். பெண்ணின் வாப்பா பரிமாற வேண்டியவர், பந்தியில் இருப்பது முறையில்லை என்று ஒருவர் முணுமுணுத்தார். அத்தாஉல்லா ஒரு கவளம் எடுத்தார், மேலே பார்த்தார், இன்னொன்று எடுத்தார், மேலே பார்த்தார். சாப்பாட்டின் ருசி அவருக்குக் கடைசி வரை தெரியாது.

எல்லாரும் எழும்பிக் கைகழுவிய பிறகு முஃப்லிஹா திரையோரம் வந்து அவரைக் கூப்பிட்டாள். சுல்பாவும் பின்னால் நின்றாள், இன்னும் மூச்சு விடாமல்.

"தம்பி, ஒண்டு கேக்குறன். முந்தி ஒரு வீட்டில வயரிங் சரியில்லண்டு சொல்லிப் பிரச்சினையானதெண்டு கேள்விப்பட்டன். மெய்யா?"

"ஓம், ராத்தா."

"எங்கட வீட்டுக்கு வந்தீங்க. சுத்திச் சுத்திப் பாத்தீங்க. ஒண்டும் சொல்லல்ல. நேத்து அந்தத் தொங்கலக் கண்ட நேரத்தில இரிந்து அதத்தான் யோசிக்கிறன். ஒரு லைட்டுக்கு இந்தப் பாடுபடுற ஆள், எங்கட வீட்டப் பத்தி ஏன் வாய மூடிக்கொண்டிரிந்தார்? எங்கட வீடு அவ்வளவு நல்லமா?"

அத்தாஉல்லா சுல்பாவைப் பார்த்தார். சுல்பா கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைத்தாள். சொல்லுங்க என்று.

"பிரிட்ஜுக்குப் பின்னால இரிக்கிற பிளக் பொயின்ட், ராத்தா," என்றார். நாலு மாதமும் ஒரே மூச்சில் வந்தது. "கருகிப் போய்க் கிடக்கு. உள்ளுக்கு வயர் உருகியிரிக்கும். பலகைச் சுவர், பக்கத்தில காஸ் சிலிண்டர். எனக்குத் தூக்கமே இல்ல."

முஃப்லிஹா திரையை முழுக்க விலக்கினாள்.

"நாலு மாசமா?"

"நாலு மாசமா."

"நாங்க நாலு மாசமா அதுக்குப் பக்கத்திலதான் சமைக்கிறம், தம்பி." பிறகு வெளியே திரும்பிச் சத்தமாகக் கூப்பிட்டாள். "ஸஜீத்! வான எடு. மாமாவக் கூட்டிக்கொண்டு போ. இப்பயே."

"இண்டைக்கா உம்மா? கல்யாண நாள்!"

"இண்டைக்குத்தான்."

பின்னேரம் நாலரை மணிக்கு அத்தாஉல்லா கல்யாணச் சட்டையோடு வானில் ஏறினார். சுல்பா ஓடிவந்து ஜன்னல் வழியே அவருடைய டெஸ்டரையும் குறட்டையும் நீட்டினாள்.

"போய்ப் பாத்திட்டு, உள்ளதெல்லாத்தையும் சொல்லிட்டு வாங்க," என்றாள்.